மூன்று கிட்டங்கிப் பூனைகள்

அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போனது நான் எழுதிய ஒரு வரியால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, இதை வேறு மாதிரி சொல்லித் திரிகிறார். அவர் சொல்வதைக் கேட்டவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் அப்போது அரசாங்க மிருக ஆஸ்பத்திரியில் டிரஸர், மருந்து போடுகிற உதவியாள். ஜனங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். டயர் போய், ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டிய பிறகு முப்பது நிமிஷம். வெள்ளைக்கார டாக்டர் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜப்பானிய மிருக டாக்டருக்குப் பல ஊர்கள். எங்களிடம் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் மருந்துக்கு நான், காகிதத்துக்குப் பெரிய கிராணி.

ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து ரயிலில் ஒருவர் பிரம்புக்கூடையில் பூனையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆற்றோரத்தில் பங்கீட்டு அரிசி வைக்கும் கிட்டங்கி ஒன்றுக்கு அவர்தான் ஸ்டோர்காரர். அந்தக் கிட்டங்கியில் நான்கு பூனைகள். எலிக்காக வைத்த பூனைகள் என்பதால் அவையும் அரசாங்கச் சொத்து, தராசும் சாக்கும் போலப் பட்டியலில் உண்டு. ஒன்றுக்கு நோய் வந்தால் எங்களிடம் காட்டிக் காகிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அரிசிக்கு மேலதிகாரியாக இருந்தவர் உத்தரவு போட்டிருந்தார்.

சாம்பல் நிறப் பெட்டைப் பூனை. முந்தின நாள் மத்தியானம் வரை எலி பிடித்துக்கொண்டிருந்ததாம். சாயங்காலத்திலிருந்து வாந்தி. சாப்பாடு இல்லை, தண்ணீர் குடித்தால் அதுவும் வெளியே வந்தது. முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன். அழுத்துவதற்கு முன்பே உறுமியது. ஜுரம் சிறிது. ஈறு வெளுக்கவில்லை. வாந்தியை முகர்ந்து பார்த்தேன். எலி பாஷாணம் தின்ற மிருகத்தின் வாந்தியில் பூண்டு நாற்றம் அடிக்கும். இதில் இல்லை. இவ்வளவையும் என் நாட்குறிப்பில் அன்றே எழுதியிருக்கிறேன். “பூண்டு வாடை இல்லை” என்ற வார்த்தைகள் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சுடுகிறது.

வாயைத் திறந்து மருந்து ஊற்றினேன். தொண்டையைப் பார்த்தேன். நாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

திடீரென்று வாந்தி எடுக்கும் பூனைக்கு நாக்கின் அடியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஜப்பான் சண்டைக்கு முன்னால், ஒரு தையற்காரர் வீட்டுப் பூனைக்கு நானே பார்த்திருக்கிறேன். பூனையின் நாக்கில் இருக்கும் முள்ளெல்லாம் உள்நோக்கி இருக்கும். நூல் ஒன்று அதில் ஒட்டினால் அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் நடுப்பகுதி நாக்கின் வேரில் வளையமாக மாட்டிக்கொள்ளும். முனைகள் குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பை வாயைப் போலத் தானே சுருங்கும். கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். பார்ப்பதற்கு வழி எளிது. பூனையின் வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே வெளியிலிருந்து கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். நாக்கு எழும்பும். அடியில் கோடு போல நூல் தெரியும்.

சனிக்கிழமை சாம்பல் பூனை ஆஸ்பத்திரியிலேயே செத்தது. திங்கட்கிழமை அவர் இன்னொரு பூனையோடு வந்தார். வெள்ளையில் கறுப்புத் திட்டு. அதே வாந்தி, அதே கூனல். இந்த முறை அவர் முகம் மாறியிருந்தது. என் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கணக்கில் அரிசி குறைகிறது என்று மேலதிகாரி தன்னைத் திட்டுவதாகவும், எலி தின்கிறது என்று சொன்னால் பூனை இருக்கும்போது எலி எப்படித் தின்னும் என்று கேட்பதாகவும் சொன்னார். அவர் பேசப் பேச நான் பூனையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலுக்கடியில் குடல் கொத்தாக, மடித்த துணி போல அகப்பட்டது. அதையும் எழுதினேன். எழுதிவிட்டு மேலே யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதுவும் செத்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் எழுத வேண்டும். “காரணம்” என்று ஒரு கட்டம். தெரியவில்லை என்று எழுதப் போனேன். பெரிய கிராணி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“காரணக் கட்டத்துல தெரியலன்னு எழுதி அனுப்பினா நாளைக்கே திருப்பி அடிப்பான், டிரஸர். அப்புறம் யாரு பதில் சொல்றது? ஊரெல்லாம் இந்த வாரம் எலி பாஷாணம் குடுக்கிறான் லா. அதத்தான் தின்னிருக்கும். எழுதித் தள்ளுங்க.”

அன்று எனக்கு மரவள்ளி மாவுக்கு முறை. மூன்று மணிக்குள் வரிசையில் நிற்காவிட்டால் அடுத்த வாரம்தான். கடிகாரம் இரண்டேகால் காட்டியது. அறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். “விஷம் என்று சந்தேகம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.

மாவு கிடைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நிலம் முழுவதும் பெரிய கிராணி மரவள்ளி நட்டிருந்தார். செத்த மிருகங்களை அந்தப் பாத்திகளுக்கு நடுவே புதைக்கச் சொல்லி அவரே உத்தரவு. உரம் வீணாகக் கூடாதாம். இரண்டு பூனைகளும் அங்கே போயின.

என் காகிதம் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது “சந்தேகம்” என்ற வார்த்தை எங்கோ உதிர்ந்துவிட்டது. அரிசி மேலதிகாரிக்கு விஷம் என்ற ஒன்றே போதுமாக இருந்தது. அரிசியைத் திருடுகிறவன் ஸ்டோர்காரன். பழியை எலிமேல் போடுவதற்காகப் பூனைகளைக் கொன்றுவிட்டான். மாட்டாஸ்பத்திரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஜப்பானியப் போலீஸ் அவரைக் கிட்டங்கி வாசலிலேயே பிடித்தது. அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பவே இல்லை என்பது இங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இந்தச் செய்தி எதுவும் தெரியாது. அடுத்த புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி திறந்தபோது வாசலில் ஒரு பெண் அதே பிரம்புக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்காரரின் மனைவி. முதல் ரயிலில் வந்திருந்தார்.

“நீங்கதானே ஐயா அந்தக் காகிதத்த எழுதினது?”

ஆமாம் என்றேன்.

“வெசம்னு எப்படிக் கண்டீங்க?”

பதிலுக்கு நிற்காமல் அவர் நடந்ததைச் சொன்னார். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. ஆறு நாளாகப் புருஷனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க விடவில்லை, சட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், அது துவைக்கிற நிலையில் இல்லை என்றார். பிறகு கூடையை என் பக்கம் தள்ளினார். அவரைப் பிடித்துப்போன பின் கிட்டங்கியில் புது ஆள். அந்தப் புது ஆள் இருக்கும்போதே மூன்றாவது பூனை நேற்று வாந்தி எடுத்திருக்கிறது. “இப்ப யாரு வெசம் வச்சா? அவரு உள்ள இருக்காரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

மஞ்சள் நிற ஆண் பூனை. மேஜையில் வைத்து வாயைத் திறந்து, தாடைக்குக் கீழே கட்டைவிரலைக் கொடுத்து நாக்கைத் தூக்கினேன். நாக்கின் வேரில், சதைக்குள் அழுந்தி, பழுப்பு நூல் ஒன்று வளைந்து கிடந்தது. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

அந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. “கோணி நூலு.”

அவர் சொல்லித்தான் கிட்டங்கியில் வேலை நடக்கும் விதம் எனக்கு விளங்கியது. புது நூல் எங்கும் கிடையாது. அதனால் அரிசி மூட்டையைப் பிரிக்கும்போது தைத்த நூலை அறுக்காமல் முழுசாக உருவி எடுக்க வேண்டும், ஒரு சாண் வீணானாலும் அடி. உருவிய நூலால், காப்பார் பக்கத்திலிருந்து வரும் கருவாட்டைக் கத்தை கத்தையாகக் கட்டுவார்கள். கருவாடு வெளியே போகும்போது நூலை அவிழ்த்து, கம்பியில் உலர்த்தி, அதாலேயே மறுபடி அரிசிச் சாக்கைத் தைப்பார்கள். ஒரே நூல் எட்டு முறை, பத்து முறை. உப்பும் மீன் கொழுப்பும் ஊறிய நூல் பூனையின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பூனைகளுக்கோ அந்த நாளில் எலியைத் தவிர வேறு தீனி இல்லை. எலிகளும் இளைத்திருந்தன.

அவ்வளவுதான் விஷம். சாக்கு நூலைச் சேமிக்கச் சொன்னவர் அதே அரிசி மேலதிகாரி.

“அறுத்து விடுங்க ஐயா,” என்றார் அந்த அம்மாள். “வாயத் தொறக்கவே அதுக்கு வலிக்குது.”

வளையத்தை அறுத்திருந்தால், நோய் கண்டு ஒரு நாள்தான் ஆகியிருந்ததால், நூல் தளர்ந்து தானாகவே பின்வழியாக வெளியேற வாய்ப்பு உண்டு. கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. ஆனால் ஜப்பானிய டாக்டர் வருவது மறுநாள். அறுத்தால் நூல் உள்ளே போய்விடும். பூனை பிழைத்தால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. நான் தப்பாக எழுதினேன் என்று நானே சொன்னால் அதை யார் நம்புவார்கள்? டாக்டர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். இதை அந்த அம்மாளிடம் சொன்னேன்.

அவர் பூனையின் தலையைத் தடவினார். “இதத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்,” என்றார். கையை எடுத்துவிட்டு, “அப்ப அறுக்காதீங்க. அவரு வெளிய வரணும்,” என்றார்.

பெரிய கிராணியிடம் போய், பழைய சான்றிதழ் தவறு, புதிதாக எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யோசிச்சுப் பேசுங்க. போன வாரம் வெசம், இந்த வாரம் நூலா? ஒங்கள மட்டுமா கேப்பான், கீழ கையெழுத்துப் போட்ட என்னையும் கேப்பான். பூனைக்கு வைத்தியம் பாக்கச் சொன்னாங்க, வக்கீல் வேலை பாக்கச் சொல்லல.”

அந்த ஆள் உள்ளே அடி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

“அடிக்கிறது நானா? நீங்களா? பின்ன என்ன?”

என் வாழ்க்கையில் நான் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்று மேஜையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அவர் வெள்ளைச் சட்டையில் ஊற்ற வேண்டும் போல இருந்தது. ஊற்றியிருக்க வேண்டும். அவரிடம் கோபப்பட எனக்கு என்ன தகுதி என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றது. அவர் எழுதச் சொன்னார். எழுதியவன் நான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மஞ்சள் பூனை செத்தது. ஜப்பானிய டாக்டர் பதினொன்றுக்கு வந்தார். இரண்டு மணி நேரம். நான் காத்திருந்ததற்கு என்ன பயன்? அறுத்துவிட்டு, அது செத்திருந்தால் வயிற்றில் நூலைக் காட்டியிருக்கலாம். பிழைத்திருந்தால் ஒரு பூனை பிழைத்திருக்கும். இதை எத்தனை முறை எழுதிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு ஒத்துவருவதில்லை.

பெரிய கிராணி வாசலிலேயே டாக்டரை மடக்கி மாட்டுத்தீவனக் காகிதங்களைக் காட்டத் தொடங்கினார். நான் செத்த பூனையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த மலாயும் சேர்ந்தால் ஒரு பாசாரில் மீன் வாங்கலாம், அவ்வளவுதான். பேசாமல் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கத்தி கேட்டார். வயிற்றைத் திறந்தார். குடல் முழுவதும் நூலில் கோத்ததுபோலச் சுருங்கி, இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. நாக்கிலிருந்து நூலை அறுபடாமல் உருவினார். மூன்று அடி இரண்டு அங்குலம், நான் அளந்தேன்.

அவர் வைத்தியர்தான். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வைத்தியரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனால் பழைய காகிதத்தை எடுத்து வரச் சொல்லி, அதில் விரலை வைத்து, அந்த இரண்டு பூனை எங்கே என்று கேட்டார்.

மரவள்ளித் தோட்டத்தைக் காட்டினேன். பெரிய கிராணி ஓடி வந்தார். கிழங்கு இன்னும் முற்றவில்லை, இன்னும் இரண்டு மாதம் வேண்டும், நாற்றம் தாங்காது, டாக்டர் நிற்கக் கூடாது என்றெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். ஒரு மனிதனின் உயிருக்கும் நான்கு மரவள்ளிச் செடிக்கும் நடுவில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மண்வெட்டியை நானே எடுத்து வெட்டினேன். பென்சில் பருமனில் கிழங்குகள் வந்தன. பிறகு பூனைகள் வந்தன. மழைக்கால மண்ணில் ஒன்பது, பன்னிரண்டு நாள் இருந்த உடம்புகளில் என்ன மிஞ்சும்? தோலும் எலும்பும் கூழும்தான். நூல் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டிலும் இருந்தது. வாளித் தண்ணீரில் அலசி, மஞ்சள் பூனையின் நூலுக்குப் பக்கத்தில் வெயிலில் நீட்டி வைத்தேன். மூன்றும் ஒரே நிறம், ஒரே முறுக்கு.

டாக்டர் அங்கேயே நின்று ஜப்பான் எழுத்தில் ஒரு பக்கம் எழுதி முத்திரை குத்தினார். பிறகு என்னைப் பார்த்து, முதல் பூனையின் வாயை நான் பார்த்தேனா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதை அநியாயம் என்று நான் என்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் காகிதம் கிள்ளானுக்குப் போய், கை மாறி, மேஜை மாறி, திங்கட்கிழமைதான் வேலை செய்தது. பிடித்துப் போன பதினோராம் நாள் ஸ்டோர்காரரை வெளியே விட்டார்கள். கிட்டங்கி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. புது ஆள் உட்கார்ந்துவிட்டான். சாக்கு நூல் பற்றிய உத்தரவு மட்டும் மாறவில்லை. பெரிய கிராணி அந்த வாரமே மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்து, தாம் தலையிட்டு ஓர் ஏழைத் தமிழனை மீட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். ஜப்பான்காரன் போன பிறகும் அவருக்கு அந்தக் கதையால் மரியாதை கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளானுக்குப் போனேன். அந்த அம்மாள் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஸ்டோர்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். விஷம் என்று எழுதியது நான். அப்படி எழுத எனக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நாக்கைத் தூக்கிப் பார்க்காதது என் தவறு. வேறு யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அவர் கேட்டார். “மொத பூனையக் கொண்டாந்தப்பவே தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“பாக்கிறதுக்கு ஏதும் மெஷினு வேணுமா?”

“வேண்டாம். விரல் போதும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஒரு நிமிஷம் கூட ஆகாது,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணி சுற்றிய கையை மடியிலிருந்து எடுத்து முழங்கால்மேல் மெதுவாக வைத்துக்கொண்டார்.

“சரி. போங்க ஐயா,” என்றார்.